நான் சொல்லாத சாவு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் சயனைடு மேட்டுத் தூசி முழுக்க என் துணிக்கொடியில்தான். வீட்டுக்காரர் சேகரின் வெள்ளைச் சட்டை சாம்பல் கலர். அவருக்கென்ன, முதல் ட்ரெயினில் பெங்களூர் போயாச்சு. திரும்பத் துவைப்பது நான்.

வாயில் இரண்டு கிளிப்போடு நின்றேன். அப்போது தெருவில் என் குரல்.

"வாங்கம்மா வாங்க! மெத்தை வாங்கினா தலகாணி இலவசம்!"

மைக் கட்டிய ஆட்டோ. சத்தியமாக நான் எந்த மெத்தைக் கடைக்கும் பேசியதில்லை. வாயில் கிளிப்போடு ஊமை மாதிரி நான் இங்கே, கூவிக்கொண்டே நான் அங்கே. முதலில் தமிழ், அப்புறம் கன்னடம், அப்புறம் தெலுங்கு, என் வரிசை மாறாமல். எதிர்வீட்டு சாந்தா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மெத்தை கடைக்கும் பேசறியா? சொல்லவே இல்ல!" என்றாள்.

கிளிப்பைத் துப்பினேன். என் டூத் பிரஷ்ஷில் எவனோ பல் தேய்த்துவிட்டுத் திரும்ப வைத்த மாதிரி.

பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பிரபு ஸ்டுடியோவில் விளம்பரம் பேசுகிறேன். மற்ற நாள் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை. மார்ச்சிலிருந்து பிரபு கூப்பிடவில்லை. ஆர்டர் இல்லை போல, பாவம், என்று நினைத்தேன். பாவமாம்! நான் ஒரு மடச்சி.

வாங்க வேண்டியது: நீலம், கிளிப் ஒரு டஜன், தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்டுடியோ போனேன்.

பிரபு மறைக்கக்கூட இல்லை. புது பொம்மை வாங்கிய குழந்தை மாதிரி காட்டினான். டைப் அடித்தான், பட்டனைத் தட்டினான், கம்ப்யூட்டரிலிருந்து நான் பேசினேன். "வணக்கம் தேவிகா அக்கா" என்றேன். எனக்கே.

"பிரபு, இது என் குரல்."

"இல்லக்கா. உங்க குரல வெச்சி ஏஐ கத்துக்கின குரல். ரெண்டும் வேற வேற."

"யாரைக் கேட்டுக் கத்துக்கிச்சு?"

"ரெக்கார்டிங் என்னுது தானேக்கா? என் ரூமு, என் மைக்கு, என் டிஸ்க்கு."

அழிச்சிடு என்றேன். சிரித்தான். "ரெக்கார்டிங்க அழிச்சா? கத்துக்கினது எங்க போவும்?" டீ வரவழைத்தான். தொடவில்லை. ஆடை கட்டி அப்படியே கிடந்தது.

கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். "சாவுச் சேதிக்கு மட்டும் இதை வைக்காத." சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டினான்.

சாவுச் சேதிக்கு நான் காசு வாங்குவதில்லை. ஆரம்பத்திலிருந்தே. யார் வீட்டில் சாவு என்றாலும் ஆள் வரும், நான் ஸ்டுடியோ போய்ப் பேசுவேன், ஆட்டோ மைன்ஸ் குடியிருப்பில் லைன் லைனாகப் போகும். பேசும் முன் நான் கேட்பவை:

- அப்பா பெயர்
- எந்த லைன், வீட்டு நம்பர்
- சுரங்கத்தில் எந்த ஷாஃப்ட், என்ன வேலை

கேட்காமல் விட்டால் வம்பு. தாத்தன் காலத்தில் ஆம்பூர், குடியாத்தம் பக்கமிருந்து வந்தவர்கள் எல்லோரும் பேரனுக்குத் தாத்தன் பெயர்தான் வைத்தார்கள். பாலகாட், சாம்பியன் ரீப்ஸ் என்று இந்த ஊர் ஏரியாக்களில் எனக்குத் தெரிந்தே ஐந்து கோவிந்தசாமி. மைன்ஸ் மூடி எத்தனை வருஷம் ஆனாலும் ஷாஃப்ட் சொன்னால்தான் ஆள் யாரென்று புரியும்.

இன்னொன்றும் உண்டு. பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவேன். அடுப்படியில் இருப்பவர்கள் வாசலுக்கு வர நேரம் வேண்டாமா? இன்று அந்தக் கம்ப்யூட்டர் என் பெயருக்கு முன்னாலும் அதே மூச்சை நிறுத்தியது. சீ!

ஜூன் 12, வியாழன்

தூறல். தூசி கொஞ்சம் அடங்கியது.

வக்கீல் லோகநாதனைப் பார்த்தேன். நம் ஊர்க்காரர்தான், கடையில் அவருடைய கட்டுக்கட்டான பேப்பரை ஜெராக்ஸ் எடுப்பவள் நான், அந்தப் பழக்கம். ஃபீஸ் கேட்கவில்லை. நல்ல மனுஷன். அவர் சொன்னது ஒன்றும் நல்லதாக இல்லை.

"நீங்க பேசின ரெக்கார்டிங்க அப்படியே எடுத்து வேற கடைக்குப் போட்டிருந்தா, பாடறவங்க பேசறவங்களுக்குன்னு ஒரு உரிமை கீது, அதை வெச்சி பேசலாம். இவன் போட்டது நீங்க பேசாதது. பேசாத வார்த்தைக்கு எப்படிமா உரிமை கேப்பீங்க?"

"என் குரல் சார்!"

"குரலுக்கு காப்பிரைட் இல்லமா. சட்டம் எழுதினப்ப இந்த மெஷின் இல்ல. பெரிய நடிகருங்க கோர்ட்டுக்குப் போய் தடை வாங்கியிருக்காங்க. அவங்க குரல் கேட்டா ஊர் உலகமே இன்னாருதுன்னு சொல்லும். உங்களுக்கு அப்படி சொல்ல யாரு கீறாங்க? எழுத்துல எதுனா ப்ரூஃப் கீதா?"

எழுத்தில் என்ன இருக்கும்? விளம்பரத்தில் பேசியவள் பெயரை எவன் போடுகிறான்? கடைப் பெயர் போடுவார்கள், போன் நம்பர் போடுவார்கள், அவ்வளவுதான். அதாவது நடிகன் தொண்டை தொண்டை, என்னுடையது வெறும் ஓட்டை. ஆளுக்கு ஒரு சட்டம்.

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் ஆட்டோ மைக்கிலிருந்து நான் ஏலச்சீட்டு விற்றுக்கொண்டிருந்தேன். முந்தானையால் காதை மூடிக்கொண்டு நடந்தேன். பார்த்தவர்கள் குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 14, சனி

கடையில் கூட்டம். காலேஜ் பிள்ளைகள். ஒரு கைடு புஸ்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஆறு காப்பி எடுத்தேன். நாலாவது காப்பியில் உறைத்தது. இது மட்டும் என்னவாம்? எழுதியவனைக் கேட்டா எடுக்கிறேன்?

மனசு சரியில்லை. ஆனாலும் நான் எடுக்கும் காப்பியில் முதல் பக்கம் அவன் பெயர் இருக்கிறது. அவன் எழுதாத ஒரு வரியை நான் சேர்ப்பதில்லை. இது நியாயமா சாக்கா தெரியவில்லை. சாக்குதான் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக பிரபு யோக்கியனாகிவிட மாட்டான்.

சேகரிடம் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். "விடு தேவி, ஊர்ல எவ்ளோ நடக்குது" என்றார். ரசம் ஊற்றவில்லை. அவரே ஊற்றிக்கொண்டார்.

ஜூன் 16, திங்கள்

பகல் பதினொன்றரை. கடை. ஒரு பெண் உள்ளே வந்தாள், கண் வீங்கி, கையில் பெரிய ரோஜா மாலை. கவுன்ட்டர் மேல் வீசினாள். அரசு ஃபாரங்கள் எல்லாம் ஈரம்.

"நீதான தேவிகா? எங்கப்பா செத்துட்டார்னு உன் வாயால சொன்ன இல்ல? பெங்களூர்லேந்து ட்ரெயின் முழுக்க அழுதுகினே வந்தேன்! வந்து பாத்தா பேப்பர் படிச்சிகினு குந்தினு கீறாரு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை நீட்டினாள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது. என் குரல். "பாலகாட்டைச் சேர்ந்த..." மூச்சு. "கோவிந்தசாமி அவர்கள் இயற்கை எய்தினார்."

அப்பா பெயர் இல்லை. லைன் இல்லை. ஷாஃப்ட் இல்லை.

"நான் பேசலைமா, அது மெஷின்" என்றேன். என் காதுக்கே பொய் மாதிரி கேட்டது. அவள் சொன்னாள்: "வேற யாராவது சொல்லியிருந்தா போன் பண்ணி விசாரிச்சிருப்பேன். உன் குரல் ஆச்சே, நம்பிட்டேன்."

கடையில் அத்தனை பேர். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அவள் போன பிறகு ஃபாரங்களை ஃபேனுக்குக் கீழே பரப்பினேன். அழுதேன். அவமானத்தில் இல்லை, அருவருப்பில்.

பிரபுவுக்குப் போன். "டைப்பிங் மிஸ்டேக்குக்கா. செத்தது சாம்பியன் ரீப்ஸ் கோவிந்தசாமி. போன மாச மேட்டர்ல பாலகாட்னு இருந்துது, அப்படியே வந்துட்ச்சி. லூஸ்ல விடுங்க."

தலையாட்டி ஒரு வாரம் ஆகவில்லை. லூஸில் விடணுமாம்!

சாம்பியன் ரீப்ஸ் சாவுக்கு எட்டுப் பேர்தான் வந்தார்களாம், சாந்தா சொன்னாள். மீதி ஊர் முழுக்க பாலகாட்டில், உயிரோடிருக்கும் மனுஷன் வாசலில் மாலையோடு.

ஜூன் 17, செவ்வாய்

காய்ச்சல் மாதிரி. கடை போகவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருத்தி முதுகுக்குப் பின்னால், "மைக்கு கையில கெடைச்சா கொன்னே போட்டுடுவா போல" என்றாள்.

என்ன கூத்து பார். என் குரல் வேண்டாம் என்று தடுக்கப் போனால் அது என்னுடையது இல்லை. திட்டு வாங்க வேண்டுமென்றால் மட்டும் என்னுடையது. வக்கீல் சார் ப்ரூஃப் கேட்டாரே, ஊரே ப்ரூஃப் கொடுத்துக்கொண்டிருக்கிறது, குடத்தோடு நின்று.

இதை எழுதி முடித்தபோதுதான் தோன்றியது. நாளை பாலகாட்.

ஜூன் 18, புதன்

வெயில், காற்று இல்லை. வெள்ளைப் பேப்பர் நாலு, கார்பன், பேனா இரண்டு.

கோவிந்தசாமி ஐயா வாசலில் நாற்காலி போட்டிருந்தார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜ் இன்ஜினை ஓட்டியவர். எழுபத்தெட்டு வயசு, கை நடுக்கம், குரல் மட்டும் கணீர். பக்கத்தில் வாடிய மாலைகள் குவியல். மகள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"செரி மா, நீ பேசல. நான் நம்பறேன். உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. போ."

"ஐயா, கோவப்படுங்க. என்மேல ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுங்க."

"இன்னாது?"

"தேவிகா குரல்ல என்னைச் செத்துட்டதா சொன்னாங்க, கேட்ட அத்தனை பேரும் அவ குரல்னுதான் நம்பினாங்க, விசாரிங்கன்னு எழுதிக் குடுங்க. அது என் குரல்னு எழுத்துல சொல்ல எனக்கு வேற யாருமில்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் சிரித்தார். நாற்காலியே ஆடியது. "சாவாத குத்தத்துக்கு சாட்சி சொல்ல சொல்றியா நீ!" உள்ளே பார்த்து, "ஏ புள்ள, இந்த பொண்ணுக்கு டீ போடு" என்றார். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஒரே ஒரு நிபந்தனை என்றார். "நெஜமா நான் போற அன்னிக்கி நீ வரணும். உன் வாயால சொல்லணும். எங்கப்பா பேரு, லைன் நம்பர், ஷாஃப்ட், எல்லாம். இப்பவே எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அப்பா பெயர் சின்னராஜு.

அப்புறம் கம்ப்ளெய்ன்ட். ஸ்டேஷனுக்கு என்பதால் கன்னடத்தில். அவர் கை நடுங்குகிறது, அதனால் அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். "இந்தக் குரல் தேவிகாவுடையது. பாலகாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்" என்றார். யார்மீது புகார் என்ற இடம் வந்தது. பிரபு பெயர் எழுதினேன். நிறுத்தினேன்.

அதற்கு மேலே, முதல் ஆளாக, என் பெயரை எழுதினேன். இனிஷியலோடு.