அறுபத்தாறும் எழுபத்தாறும்

அடியே, நேற்று தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் பெரிய சண்டை. கொழும்பிலிருந்து வந்த பொரித்த கிழங்குப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "இங்க பாருங்க, எப்புடி ஊதிக் கெடக்கு! கெட்டுப் போனத விக்கிறீங்களா?" என்று ஒரு அம்மா கடைக்காரரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். "நேத்துதாங்க லொறியில வந்துச்சு" என்று கடைக்காரர் பாவம், அழாத குறை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீ இருந்திருந்தால் இடையில் புகுந்து, "உள்ள இருக்கிறது கொழும்புல அடைச்ச காத்துங்க, வெளிய இருக்கிறது நம்ம மலைக் காத்து, இதுக்கு அமுக்கம் கொறைவு, அதான் ஊதுது" என்று ஆரம்பித்து, பஸ்ஸையும் விட்டிருப்பாய். நான் ஒரு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்துக்கொண்டு உன் நினைப்பாகவே இருந்தேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வராமல் ஒரு வருசம் ஆகப்போகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் உயர்தரம் படித்தபோது, நம் தோட்டத்திலிருந்து கணிதப் பிரிவுக்குப் போன பெண்பிள்ளைகள் நாம் இரண்டே பேர். நீ மேல் லயத்து வீட்டில், நான் கீழ் லயத்து வீட்டில். நீ வந்தால்தான் என்னை வீட்டில் வெளியே விடுவார்கள். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "ரெண்டு பேரும் பாஸ் பண்ணுனா ரெண்டு பேரும் டீச்சருக்குப் படிக்கப் போங்க. ஒத்தையில எம் புள்ளய வெளியூருக்கு அனுப்ப மாட்டேன்." ஆக, உன் பரீட்சையில்தான் என் பரீட்சையும் இருந்தது. நீ தேறுவாய் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பௌதிகவியலில் தத்தளித்தது நான்தான். அதிலும் தண்ணீர் ஓடும் கணக்கும் வாயுக் கணக்கும் வந்தால் எனக்குக் கை கால் ஓடாது.

குழாய் ஒடுங்கும் இடத்தில் அமுக்கம் குறையும் என்று பேணூலி தேற்றம் சொன்னதை நான் கடைசி வரை நம்பவில்லை. நெருக்கினால் கூடத்தானே வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பீலியில் கொட்டும் தண்ணீரில் உடுப்புத் துவைத்துக்கொண்டே உன்னோடு மல்லுக்கு நின்றேன். நீ சோப்பு நுரைக் கையோடு இடுப்பில் கை வைத்து நின்றாய்.

"ஏ புள்ள, அகலமான எடத்துல தண்ணி மெதுவா வருது. ஒடுங்குன எடத்துல வேகமா ஓடுது. வேகம் கூடணும்னா யாராச்சும் பின்னால இருந்து தள்ளணுமா இல்லயா?"

"தள்ளணும்."

"அப்ப அமுக்கம் பின்னால கூடவா, முன்னால கூடவா?"

"பின்னால... ஆங்!" என்றேன். அந்த "ஆங்" சத்தத்துக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு சட்டம் போட்டாய். "பேனாவக் கீழ வையி. எங்க கூடும், எங்க கொறையும்னு மொதல்ல வாயால சொல்லு. கணக்கு எங்கயும் ஓடிப் போகாது." இன்றைக்கும் என் வகுப்பில் அப்படித்தான் நடக்கிறது.

வாயுக் கணக்கில் நான் செய்த அநியாயம் வேறு. வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாமல், செல்சியசில் அப்படியே போட்டுவிடுவேன். நீ என் விடையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். "உங் கணக்குப்படி நுவரெலியாவுல பனி கொட்டி சைபர் பாகைக்கு எறங்குற அன்னைக்கு காத்தே இருக்காதுடி. எல்லாரும் மூச்சு முட்டிச் செத்துருவாங்க." அதற்குப் பிறகு நான் ஒரு தரமும் அந்தப் பிழையை விடவில்லை.

இப்படி என்னைத் தேற்றிவிட்ட நீயே கடைசியில் என்னைக் கலங்கடித்தாய். பள்ளிக்கூட ஆய்வுகூடச் சுவரில் காற்றின் அமுக்கத்தை அளக்கும் பாரமானி ஒன்று தொங்கியது. புத்தகத்தில் வளிமண்டல அமுக்கம் எழுபத்தாறு சென்ரிமீற்றர் பாதரசம். பாரமானியிலோ அறுபத்தாறு; மலையில் ஏற ஏற அமுக்கம் குறையுமே. தினமும் காலையில் முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் அறுபத்தாறுதான்" என்று ஊருக்கே அறிவிப்பாய். மாதிரிப் பரீட்சையில் "சாதாரண வளிமண்டல அமுக்கத்தில்" என்று ஒரு வாயுக் கணக்கு வந்தது. எல்லாரும் எழுபத்தாறு போட்டோம். நீ அறுபத்தாறு போட்டாய். அந்தக் கணக்குக்கு உனக்கு முட்டை.

சும்மா விடுவாயா? விடைத்தாளோடு, பௌதிகவியல் படிப்பித்த யாழ்ப்பாணத்துச் சேரிடம் போய் நின்றாய். "சேர், நாங்க இங்கதானே இருக்கோம்? எங்களுக்குச் சாதாரணம் இதுதானே?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் சிரிப்பு. "நீர் சொல்லுறது சரி பிள்ளை. நான் வந்த புதுசில உந்தப் பாரமானி பழுது எண்டுதான் நினைச்சனான். ஆனா பேப்பர் திருத்திற ஆள் கடற்கரையில இருப்பார். அவருக்கு உம்மட மலை தெரியாது. சோதினையில எழுபத்தாறு எண்டு எழுதும்."

நீ விடைத்தாளை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் செருகினாய். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். "அளந்து பாத்தத விட்டுட்டு அளக்காதத எழுதச் சொல்றியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாய்.  எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. இந்தப் பிடிவாதக்காரி மார்க்கை விட்டுத் தொலைத்தால், அப்பா என் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார் என்று மனது அடித்துக்கொண்டது.

பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு வந்தபோது எனக்கு வியர்த்தது. என் கணக்குக்காக இல்லை. இரண்டு வரிசை முன்னால் குனிந்திருந்த உன் முதுகைப் பார்த்து, "எழுதித் தொலையேன்டி" என்று மனதுக்குள் கத்தினேன். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் ஓடிவந்து கேட்டேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாய். பஸ் வந்து, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாய்.

"எழுபத்தாறுதான் போட்டேன். நான் மட்டும்னா அறுபத்தாறுதான் எழுதியிருப்பேன். உங்கப்பா ஒத்தையில விடமாட்டாருல்ல."

சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் உன் தோளில் சாய்ந்து அழுதேன். "சும்மா இருடி, எல்லாரும் பாக்குறாங்க" என்று இடித்தாய்.

இரண்டு பேரும் தேறினோம். ஒரே பஸ்ஸில் பெட்டியோடு போனோம், ஒரே அறையில் தங்கிப் படித்தோம். பிறகு உனக்குக் கந்தப்பளை, எனக்குத் தலவாக்கலை. இன்னும் மேலே போன சந்தோசத்தில் முதல் வாரமே ஃபோன் எடுத்து, "இங்க அறுபத்தொன்னுடி!" என்று கத்தினாயே, ஞாபகமா?

அந்த ஒரு கணக்கால் நீ பெயிலாகியிருக்க மாட்டாய். அது அன்றைக்கே உனக்கும் தெரியும், இப்போது எனக்கும் தெரிகிறது. அந்தச் சின்ன ஆபத்தைக்கூட என் தலையில் வைக்க உனக்கு மனம் வரவில்லை. உன் கண்ணால் பார்க்காத பத்து சென்ரிமீற்றரை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, எனக்காகக் கூட்டி எழுதினாய். நான் நன்றாக இருக்கிறேன். அந்தப் பத்து சென்ரிமீற்றரின் மேல்தான் நிற்கிறேன்.