துண்டு போர்த்திய பதினொரு பேர்

பாளையம்பட்டி,
3.6.2025

அன்பு மகள் துர்காவுக்கு அப்பா எழுதுவது,

நலம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த முதியோர் இல்லத்தில் வார்டன் கஸ்தூரி போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் தருவார். உன்னிடம் மலச்சிக்கல் என்று சொன்னால் ஹாலே எனக்கு வைத்தியம் சொல்கிறது.

தினமும் காலையில் எங்களைப் போட்டோ எடுத்து, பிள்ளைகள் உங்களுக்கென்று வைத்திருக்கும் வாட்ஸப் குரூப்பில் போடுகிறார்கள். நேற்று குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றேன். கஸ்தூரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "தாத்தா, இங்கிட்டுப் பாருங்க!" என்று எடுத்துவிட்டார். சாயங்காலமே ரெட்டியபட்டியிலிருந்து உன் சித்தப்பா போன்: "என்னண்ணே, எலும்பு தெரியுது!" அவனுக்கு யாரம்மா அனுப்பியது? முப்பது வருஷம் கண்டக்டர் வேலையில் மேல்பொத்தானைக்கூடக் கழற்றாதவன் நான்.

அப்பா,
முனீஸ்வரன்

கோவை,
8.6.2025

அன்புள்ள அப்பா,

சித்தப்பாவுக்கு அனுப்பியது நான்தான். தினமும் போட்டோ கேட்டதும் நான்தான். வீட்டில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்கக் கிடந்தீர்களே, அதிலிருந்து எட்டு மணிக்கு உங்கள் முகத்தைப் பார்க்காவிட்டால் எனக்கு ஆபீஸில் வேலை ஓடுவதில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். துண்டோடும் நீங்கள் அழகுதான்.

துர்கா

பாளையம்பட்டி,
12.6.2025

துர்காவுக்கு,

உன் பயம் புரிகிறது. நான் இருக்கிறேனா என்று தினமும் கேள், பதில் சொல்கிறேன். அதற்கு என் ஈரத் துண்டைச் சாட்சிக்கு இழுக்காதே. இங்கே எல்லாருக்கும் இதே வருத்தம். கூடிப் பேசிவிட்டோம். திங்கள்கிழமை குரூப்பைப் பார்.

அப்பா

கோவை,
17.6.2025

அப்பா,

பார்த்தேன். பதினொரு பேரும் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு வரிசையாக! மூன்றாவது ஆள் நீங்கள் என்று எழுதி இதயம் போட்டேன். உடனே கஸ்தூரி அக்கா, "அது சீனிச்சாமி அய்யா. உங்கப்பா கடைசில இருக்காக" என்று எழுதினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும் அப்பா. இனி நீங்கள் சரி என்றால்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சித்தப்பாவையும் அந்த ஈரத் துண்டுப் படத்தை அழிக்க வைத்தேன்.

துர்கா

பாளையம்பட்டி,
25.6.2025

என் தங்க மகளுக்கு,

கஸ்தூரி இப்போது கதவைத் தட்டி, "வரலாமாய்யா?" என்கிறார். முதல் நாள் உள்ளே சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும், "செத்த நேரம் கழிச்சு வாங்கம்மா" என்றேன். என்ன ஒரு சுகம்!

நேற்று ஷேர் ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டை ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். மீசைக்கு மை அடித்தேன். சித்தப்பாவுக்கும் தாராளமாக அனுப்பு.

பக்கத்தில் நிற்கும் அம்மாள் யார் என்று மட்டும் கேட்காதே. அது என் சொந்த விஷயம்.

அன்புடன்,
முனீஸ்வரன்