மேசைக்கடலில் நீங்கள் சொன்ன கடைசி உத்தரவு

என் லிங்கத்தானுக்கு,

நாளைக்கு வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் வார்டுக்குப் போகிறேன். உங்களைக் கூட்டிக்கொண்டு போகாமல் தனியாகப் போவதற்குக் கால் இன்னும் பழகவில்லை. போன செவ்வாய்க்கிழமை, நீங்கள் போன பிறகு முதல்முறையாக அங்கே போனபோது, ஆட்டோவில் உங்களுக்கு இடம் விட்டு ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பரவாயில்லை, உங்களிடமும் முதலிலிருந்தே சொல்கிறேன். கேட்டுக்கொண்டிருங்கள்.

மின்சார ஆபீஸ் வேலை முடிந்து வந்து, ஐஸ் குச்சியைச் செதுக்கிப் போர்க்கப்பல் செய்கிற அத்தை மகனுக்குத்தான் என் அப்பா என்னைக் கட்டிக்கொடுத்தார். விரல் நீளக் கப்பல்கள். குண்டூசிதான் பீரங்கி. வெளிநாட்டில் பெரிய ஆட்களே மேசைமேல் கப்பற்படையை நிறுத்திச் சண்டை போடுகிறார்கள், ஸ்கேலால் அளந்து நகர்த்துகிறார்கள், குண்டு பட்டதா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்க்கிறார்கள் என்று செல்போனில் காட்டுவீர்கள். சங்கரன்கோவிலில் உங்களோடு ஆட ஒருத்தர் அகப்படவில்லை. உங்களுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, டயாலிசிஸுக்குப் போன பிறகுதான் அகப்பட்டார்.

பக்கத்துக் கட்டில் காதர் அண்ணாச்சி. புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம். “என்னவே இது, சின்னப்பிள்ளை வெளையாட்டு?” என்றார் முதல் நாள். அடுத்த வாரமே, “எனக்கும் மூணு கப்பல் செஞ்சி தாரும் வே” என்றார். அவற்றுக்குத் தன் மூன்று பெண்களின் பெயரையும் வைத்தார். ஒருநாள் நீங்கள் ஒன்றை மூழ்கடித்தபோது, “மூத்தவளை முக்கிட்டீரே, மருமவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்று அவர் கேட்க, வார்டே சிரித்தது. ஊசி போட வந்த சிஸ்டர்கூட நின்று சிரித்தாள். நீங்கள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாகியிருந்தது?

இரண்டு பேருக்கும் ஒரு கை மெஷினோடு கட்டுண்டு கிடந்தது. அதனால் கப்பல் நகர்த்துகிற வேலை எனக்கு வந்தது. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் சாப்பாட்டு மேசை, அதன்மேல் என் நீல ஜாக்கெட் துணி. அதுதான் கடல். ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் இருவரும் தனித்தனியாக என் காதில் உத்தரவு சொல்வீர்கள். இரண்டையும் கேட்ட பிறகு நான் கப்பல்களை நகர்த்துவேன். சொன்ன உத்தரவை மாற்றக் கூடாது. இரண்டு தளபதிகளின் ரகசியமும் என்னிடம் இருக்கும். உங்கள் பெண்டாட்டியாக இருந்தும் ஒரு கண்சாடை காட்டியதில்லை அத்தான். அண்ணாச்சி என்னை அவ்வளவு நம்பினார்.

அந்தக் கடைசி நாள் மத்தியானம், முதலில் அண்ணாச்சி சொன்னார். அவரிடம் டார்பிடோ மிச்சம் இருந்தது, தண்ணீருக்கடியில் ஓடிவந்து கப்பலைத் துளைக்கிற குண்டு. “எல்லாத்தையும் விட்டுரு தங்கச்சி. இப்ப அவரு நிக்க இடத்துக்கு இல்ல, நேரா வந்தா எங்கன வருவாரோ அங்கன.” நீங்கள் எப்போதும் நேராகத்தான் போவீர்கள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் உங்கள் பக்கம் வந்து குனிந்தேன்.

உங்கள் நெற்றியெல்லாம் வேர்வை. கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள். “திருப்பு கோமதி. போதும். வீட்டுக்குப் போவோம்.”

மேசையில் உங்கள் பக்கத்து விளிம்புக்கு ‘வீடு’ என்றுதான் பேர் வைத்திருந்தீர்கள். கப்பல் அந்த விளிம்பைத் தாண்டினால் துறைமுகம் சேர்ந்ததாகக் கணக்கு. அதனால், “எல்லாக் கப்பலையுமா?” என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. மேசைப் பக்கம் நான் திரும்புவதற்குள் மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. “பிரஷர் எறங்குது” என்று சிஸ்டர் ஓடிவந்தாள். உங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசவேயில்லை.

மறுநாள் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நீங்கள் கேட்ட மாதிரி இல்லை.

போன வாரம் சிஸ்டர் போன் பண்ணினாள். “அக்கா, அந்த மேசைய அப்படியே ஸ்டோர்ல வச்சிருக்கேன். கலைக்க மனசு வரல. நீங்க வந்து எடுத்துக்கிடுதீங்களா?” அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை போனேன். அண்ணாச்சி அதே கட்டிலில் கிடந்தார், பாதியாக இளைத்து. என் கையில் பையைப் பார்த்ததும், “ஆட்டம் முடியலியே தங்கச்சி. அவரு என்ன ஆர்டர் சொன்னாரு?” என்றார்.

சொன்னேன். சிஸ்டர் மேசையைத் தள்ளிக்கொண்டுவந்து நடுவில் நிறுத்தினாள். நான் உங்கள் கப்பல்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, ‘வீடு’ இருந்த விளிம்புப் பக்கம் நகர்த்தினேன். அண்ணாச்சியின் டார்பிடோ போகிற வழியை ஸ்கேல் வைத்து அளந்தேன். அந்தப் பாதையில் உங்கள் கப்பல் ஒன்றுகூட இல்லை.

“தப்பிச்சிட்டாரு!” எழுந்து உட்காரப் பார்த்தார் அண்ணாச்சி. “நேரா வந்திருந்தா ஒண்ணு மிஞ்சியிருக்காது, பாத்துக்க. கண்ண மூடிக் கெடந்த மனுசன் எப்படி கண்டுபிடிச்சாரு!”

அப்போதுதான் கேட்டேன். இத்தனை நாளும் யாரிடமும் கேட்காதது. “அண்ணாச்சி, அது கப்பலுக்குச் சொன்னதுதானா? இல்ல, அவுகளுக்கு வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சா?”

அவர் என்னைப் பார்த்தார். சமாதானத்துக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “எனக்குத் தெரியலியே தங்கச்சி” என்று துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எது அத்தான்? ஆட்டத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அல்லது என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வரக் கேட்டீர்களா? உங்கள் கப்பல்கள் எல்லாம் அன்று விளிம்பைத் தாண்டின. நான் பொறுக்கிப் பைக்குள் வைத்தேன்.

உங்கள் கட்டிலில் இப்போது வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் படுக்கிறார். அவர் மனைவி வந்து, இது என்ன என்று நீலத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். நான் கிளம்பும்போது அண்ணாச்சி, “வெள்ளிக்கிழமை உன் புருசன் படைய எடுத்துட்டு வா. நீ ஆடு. இந்தப் பிள்ளை கப்பல் நகத்தட்டும்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

எப்படி நகர்த்த வேண்டும் என்று நாளைக்கு அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அதோடு இதையும் சொல்வேன். படுத்துக்கிடக்கிற மனுசர் காதோடு எதைச் சொன்னாலும், கப்பலைத் தொடுவதற்கு முன்னால் அவர் முகத்தைத் தொட்டு, “கப்பலா, நீங்களா?” என்று கேள். பதில் வருகிற வரைக்கும் மேசைப் பக்கம் திரும்பாதே. எதிர்ப்பக்கம் ஆடினாலும், அண்ணாச்சி எதைச் சொன்னாலும் நானும் அப்படியே கேட்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

என்றும் உங்கள் மாமன் மகள்,
கோமதி