வலி நின்ன அன்னிக்கு

மாப்ள,

காலைல ஒங்கம்மா ஒன் லாரில கெடந்த பையக் கொண்டாந்து எங்கிட்ட குடுத்துச்சு. உள்ள பாதி மிட்டாய் பாக்கெட்டு, நான் வாங்கித் தந்த பேஸ்ட்டு. மூடியத் தொறந்தேன். அந்தப் புதினா வாசம் அடிச்சுது. மூடிட்டு ஒனக்கு இத எழுத ஒக்காந்துட்டேன்.

ஆலத்தியூர் சிமெண்டு ஆலைக்கு சுண்ணாம்புக்கல்லு லோடு அடிக்கிறப்ப கண்ணு சொக்காம இருக்க போயிலை அடக்குவ. அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணி அத வுட்ட. அதுக்குப் பதிலா கன்னத்துல மிட்டாய். ஒன்னு கரைஞ்சா அடுத்தது. கடவாப்பல்லுல ஓட்ட வுழுந்துருச்சு.

குன்னம் டீக்கடையில தாடையப் புடிச்சிக்கிட்டு, "மைக்ரோபயாலஜி ஒன்றரை வருசம் படிச்சியே, சொல்லு டாக்டரே"ன்னு கிண்டலடிச்ச. நானும் பெரிய இவனாட்டம் ஆரம்பிச்சேன்.

"வாயில இருக்குற கிருமி ஒன் மிட்டாயத் தின்னுட்டு ஆசிட் வுடுதுடா. அதான் பல்ல அரிக்குது. பேஸ்ட்டுல ஃப்ளூரைடு இருக்குல்ல, அது அந்த ஆசிட்டோடயே ஒட்டிக்கிட்டு கிருமிக்குள்ள பூந்துரும். சக்கரைய ஒடைக்கிற என்சைம அமுக்கிப் புடிச்சுக்கும்."

"கிருமி செத்துருமா?"

"சாவாது. தின்ன முடியாம மொடங்கிக் கெடக்கும். தேச்சுட்டுத் துப்பிடு, வாய் மட்டும் கொப்பளிக்காத."

"எப்புட்றா? எங்கம்மா ஒரு சொம்புத் தண்ணியோட பக்கத்துலயே நிக்கும்."

ஆனாலும் செஞ்ச. என்னைய நம்புன. பத்து நாள் கழிச்சு போன் பண்ணி, "வலி போயே போச்சு மாப்ள, நீயெல்லாம் காலேஜ வுட்டுருக்கவே கூடாது"ன்ன. எனக்குத் தல கால் புரியல. பல்லப் புடுங்க ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்த. "இனிமே எதுக்கு"ன்னது நாந்தான்.

அதுலேர்ந்து பத்து நாள்ல தாட வீங்குச்சு. வீக்கம் கழுத்துல எறங்குச்சு. எச்சி முழுங்க முடியல ஒன்னால. பெரம்பலூர்ல பாத்துட்டு திருச்சிக்குக் கொண்டு போவச் சொன்னாங்க. ஆம்புலன்ஸ்ல என் கைய வுடவே இல்ல நீ. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள மூச்சடைச்சுப் போயிட்ட.

அங்க இருந்த டாக்டரம்மாகிட்ட எல்லாத்தயும் கொட்டுனேன். "வலி நின்னது பேஸ்ட்டால இல்ல தம்பி. பல்லுக்குள்ள நரம்பு செத்துருச்சு. சீழு உள்ளுக்குள்ளயே எறங்கிருக்கு"ன்னாங்க.

நான் சொன்னது பொய்யில்லடா. ஃப்ளூரைடு அதத்தான் செய்யும், ஓட்ட வுழறதுக்கு முன்னாடி. ஓட்ட நரம்பு வரைக்கும் போனப்பறம் அதால ஒன்னும் ஆவாது. அந்தப் பாடம் வர்றதுக்குள்ள நான் ஓடியாந்துட்டேன். தெரியலன்னு சொல்ல வாய் வரல.

இதெல்லாம் ஒங்கம்மாவுக்குத் தெரியாது. பையக் குடுக்கறப்ப கண்ணத் தொடச்சிக்கிட்டு சொல்லுச்சு: "கடைசியா பத்து நாளாவது எம்புள்ள வலியில்லாம இருந்தான். ஒன் புண்ணியந்தாய்யா."

தலையாட்டிட்டு பைய வாங்கிக்கிட்டேன்.