பத்தொன்பதை மூன்று என்றேன்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

மானம் போச்சு.

ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் பஸ் பாலத்தோடு நின்றுவிட்டது. ஸ்ரீரங்கத்தில் லக்ஷ்மணன் வீட்டு மாடிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வாரம் முழுக்க ஃபைல் தள்ளுகிறவளுக்கு ஞாயிறு மதியம்தான் உயிர். நானே எழுதிய ‘இரட்டையாறு’ விளையாட்டு. கதை நான் சொல்வேன். லக்ஷ்மணன் அதில் மந்திரவாதி, காந்தி மார்க்கெட்டில் வாழைமண்டி வைத்திருக்கும் மருதை அண்ணன் திருடன், புடவைக் கடையில் வேலை பார்க்கும் சபீனா வாள்வீராங்கனை செங்காந்தள். ஆபத்து வந்தால் பிழைப்பார்களா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அதை நான் ஓர் அட்டைக்குப் பின்னால் மறைத்து உருட்டுவேன்.

இன்று முதலை ராணி செங்காந்தள் மேல் பாய்ந்தாள். பதினைந்துக்கு மேல் விழுந்தால் ஆள் காலி. உருட்டினேன். பத்தொன்பது.

“மூணு! தப்பிச்சுட்டா!” என்றேன். சபீனா குதித்த குதியில் அட்டை சாய்ந்துவிட்டது.

மருதை அண்ணன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ஏம்மா ஜெஸ்லின், இதுல பத்தொம்பதுல்ல இருக்கு?”

“எத்தன வாட்டிடி இப்படி பண்ணியிருக்க?” என்றாள் சபீனா. விரல்விட்டு எண்ணினேன். ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.

“அப்ப நான் ஜெயிச்சதெல்லாம் நீ போட்ட பிச்சையா? ஆடித் தள்ளுபடில நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்கு. கெடச்ச அரை நாள் லீவுல இங்க வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!” பையை எடுத்துக்கொண்டு போயே விட்டாள்.

லக்ஷ்மணன் மெதுவாகக் கேட்டார்: “அடியேன் எத்தனை தடவை செத்திருக்கணும்? சொல்லிடுங்கோ, தெரிஞ்சுக்கறேன்.”

4 ஆகஸ்ட்

சபீனா போன் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம், போ. நான் என்ன கொலையா பண்ணினேன்? பண்ணாததுதான் குற்றமாம்!

6 ஆகஸ்ட்

ஏன் செய்தேன்? செங்காந்தள் செத்துப்போனால் சபீனா அப்புறம் வரமாட்டாள் என்ற பயம். இந்த மேசையை விட்டால் எனக்கு என்று வேறு கூட்டம் கிடையாது. அதுதான் நிஜம். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நானே விரட்டிவிட்டேன்.

வேலை முடிந்து மலைக்கோட்டையில் அவள் நிற்கும் புடவைக் கடைக்கே போனேன். என்னைப் பார்த்ததும், “சொல்லுங்கம்மா, காட்டனா சில்க்கா?” என்றாள். கொழுப்பு!

“அட்டையைக் கிழிச்சுட்டேன். இனி எல்லார் முன்னாடியும் உருட்டுறேன். முதலை மறுபடி பாயுது. வாடி.”

“செத்தா?”

“செத்தா செத்ததுதான். மாதா மேல சத்தியம்.”

“வாங்காம நின்னா மொதலாளி என்னைத் திட்டுவாரு” என்றாள். ஒரு காட்டன் புடவையோடு வீடு வந்தேன். வருவாளா என்று மட்டும் சொல்லவே இல்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தாள்.

வெறும் மேசை. உருட்டினேன். பதினெட்டு. ‘மூணு’ என்று சொல்ல நாக்கு துடித்தது. அதுதான் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறதே! “செங்காந்தள் ஆத்தோட போயிட்டா” என்றேன்.

சபீனா அவளைப் பற்றி எழுதி வைத்திருந்த காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். படியிறங்கிவிட்டாள்.

மருதை அண்ணன் பெருமூச்சு விட்டார். “ஒரு பொய் சொல்லியிருக்கலாமேம்மா.”

இவரை என்ன செய்வது?

11 ஆகஸ்ட்

சோறு இறங்கவில்லை.

13 ஆகஸ்ட், புதன்

மதியம் சபீனாவே கூப்பிட்டாள்.

“புடவை மடிச்சிட்டே அழுதுட்டேன்டி. என்னாச்சும்மான்னு ஒரு கஸ்டமர் கேட்டாங்க. எங்க செங்காந்தள் போயிட்டா, முதலை அடிச்சிருச்சுன்னு சொல்லிட்டேன். அந்தம்மா பாவம், தள்ளுபடி கூட கேக்காம மூணு புடவை எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கா, ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன். அந்த முதலையைச் சும்மா விடமாட்டா. ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?”