காரைக்காலுக்கு எங்கே நிற்பது

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே உறுவையாறு பள்ளியில் நேற்று சமூக அறிவியல் பாடத்துக்காக முற்றத்தில் சாக்பீஸால் புதுச்சேரி வரைபடம் போட்டேன். பிள்ளைகளை அவரவர் ஊரில் போய் நிற்கச் சொன்னேன்.

"உங்க வூடு எங்க டீச்சர்?" என்றாள் தர்ஷினி.

"காரைக்கால். அதுவும் புதுச்சேரிதான்" என்று சொல்லித் தெற்கே நடந்தேன். கோடு முடிந்தது, முற்றமும் முடிந்தது. மதிலோரம் போய் நின்றேன்.

"நடுவுல தமிழ்நாடு வருதே. அப்ப நீங்க நம்ம ஊரா, வெளியூரா?"

எனக்கே குழப்பமாகிவிட்டது. அதற்குள் அவள், "தனியா நிக்காதீங்க டீச்சர்" என்று என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். மணி அடிக்கிறார்கள், வகுப்புக்குப் போகிறேன். போர்வையைத் துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்,
விஜயராணி