7214-ஆம் அறையின் மூன்றாவது ஆள்

அன்புள்ள பசிலியோவுக்கு, நெரெய்தா வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் பெண்கள் இருவரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

கப்பலில் ஒரு வேடிக்கை. நான் சுத்தம் செய்யும் 7214-ஆம் அறையில் மூன்று படுக்கைகள். இருப்பது ஒரு வயதான தம்பதி மட்டும். இன்னொருவரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். படுக்கை இருந்தாலும் உயிர்காப்புப் படகில் இடம் இல்லை என்று அலுவலகம் மறுத்துவிட்டது.

"யாரும்மா வரப்போறாங்க?" என்றேன் அந்த அம்மாளிடம்.

"எம் பையன். போன வருஷம் இதே கடல்ல போயிட்டான். இப்ப ஏறிட்டான்மா, பேரை மட்டும்தான் சேர்க்கணும்."

கிழவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மேல் படுக்கையின் தலையணை குழிந்திருந்தது. விரிப்பு ஈரம். இருவராலும் அந்த ஏணியில் ஏற முடியாது. விரிப்பை மாற்றினேன்.

நேற்று ஆபத்துக்காலப் பயிற்சி. எங்கள் படகுக்கு ஆள் எண்ணுவது நான். 7214 என்றதும் "மூணு!" என்று கத்திவிட்டேன்.

"ரெண்டு பேர்தானே நிக்கிறாங்க, கண்ணு எங்க போச்சு உனக்கு?" என்றார் மேற்பார்வையாளர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மாள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சின்ன வேலை. நம் துலியோ படுத்துத் தூங்கிய வலை ஊஞ்சலை, சுருட்டி வைத்திருக்கிறோமே, அதை எடுத்து மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வையுங்கள். அவன் படகு கவிழ்ந்ததிலிருந்து, எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் இரண்டு என்றே சொல்லிவந்தோம். நம் வீட்டில் இடம் இல்லை என்று யார் சொன்னது?

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். கதவைத் தாழிடாதீர்கள்.

நெரெய்தா